படுத்த போட்டோவ நிமித்தித் தர்றோம்னு சொல்ற கடையில ஹார்ட் டிஸ்க்க குடுக்குறதுக்கு முன்னாடி இத படிங்க

சிங்கப்பூர் சிராங்கூன் ரோடு பக்கம் போட்டோ பிரிண்ட் போடுற ஒரு கடையில எங்க தங்கச்சி கல்யாணப் படத்தையெல்லாம் கெடுத்துட்டாங்க, இன்னொரு குடும்பத்துக்கு இப்படி ஆகக்கூடாதுன்னுதான் எழுதுறேன்.

வீட்டுல இருக்குறது விண்டோஸ் 7 கம்ப்யூட்டர், அதுல கேமராவ நிமித்திப் புடிச்சு எடுத்த படமெல்லாம் படுத்த மாதிரி தெரிஞ்சுச்சு. ஆல்பம் போடப் போனப்ப கடைக்காரர் ஒண்ணொண்ணா கையால திருப்பணும், படத்துக்கு 50 காசுன்னாரு. நூத்துக்கணக்கான படம், கேட்ட வெள்ளிய குடுத்தோம்.

திரும்பி வந்த டிஸ்க்க போன்ல போட்டா அதே படங்க மறுபடியும் படுத்துக்கிட்டு இருக்கு! விசாரிச்சப்பதான் விஷயம் புரிஞ்சுச்சு. கேமரா படத்த படுத்தபடியேதான் சேமிக்கும், கூடவே எக்ஸிஃப்ல, அதாவது ஃபைலுக்குள்ளயே இருக்குற விவரக் குறிப்புல, 1லேர்ந்து 8 வரைக்கும் ஒரு நம்பர் எழுதி வைக்கும், 6ன்னா வலது பக்கம் 90 டிகிரி திருப்பிக் காட்டுன்னு அர்த்தம். விண்டோஸ் 7 அத கண்டுக்காது, போன் பாக்கும். இவங்க படத்த திருப்பிட்டு அந்த 6 நம்பர அப்படியே விட்டுட்டாங்க, அதனால போன் தன் பங்குக்கு இன்னொரு தடவ திருப்புது.

அதக்கூட சரி பண்ணிரலாம். ஆனா மட்டமான குவாலிட்டில சேவ் பண்ணி ஒரிஜினல் மேலேயே எழுதிட்டாங்க, பத்து எம்பிக்கு மேல இருந்த படம் ஒரு எம்பி கூட இல்ல. ஆலாத்தி எடுக்குற அத்தையோட பட்டுப்புடவ ஜரிகை கட்டம் கட்டமா உடைஞ்சு கிடக்கு, பெருசா பிரிண்ட் போடவே முடியாது. போட்டோ எடுத்தவர்கிட்டயும் காப்பி இல்ல.

இத்தனைக்கும் இர்ஃபான்வியூன்னு ஒரு சாஃப்ட்வேர், வீட்டு உபயோகத்துக்கு இலவசம், கூடவே அதோட பிளகின்னையும் (அதோட சேத்துப் போடுற துணை சாஃப்ட்வேர்) போட்டுக்கிட்டா எல்லா ஜேபெக் படத்தையும் மொத்தமா செலக்ட் பண்ணி எக்ஸிஃப் பாத்து தானா திருப்பச் சொல்லலாம், லாஸ்லெஸ், குவாலிட்டி குறையாது, அந்த நம்பரையும் 1ன்னு மாத்திரும். இதுக்குப் போயா படத்துக்கு 50 காசு? கையால பண்றோம்னு சொன்னதே பொய்யின்னு நெனைக்கிறேன்.

கேட்டதுக்கு "கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே தெரியுது அண்ணே"ன்னு சொல்லிட்டு காச குடுக்க மாட்டேங்குறாங்க. சின்னத் தொகை வழக்க விசாரிக்கிற ஸ்மால் கிளைம்ஸ் டிரிபியூனல்ல கேஸ் போடப் போறேன், 20,000 வெள்ளி வரைக்கும் அங்க கேக்கலாம், சம்பவம் நடந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். இதே மாதிரி எங்கயாச்சும் குடுத்தவங்க இருந்தா இன்னைக்கே டிஸ்க்க எடுத்து படத்தோட சைஸ் எத்தன எம்பின்னு பாருங்க, கொறஞ்சிருந்தா ரசீத தூக்கிப் போட்டுறாதீங்க, மெமரி கார்டு அழிக்காம இருந்தா அதுல வேற எதுவும் எடுக்காதீங்க.