மாடித்தோட்டத்துக்கு நிழல்வலை: 75 வேண்டாம், 50 போதும்

சித்திரை பிறந்ததும் நர்சரிகளிலும் ஹார்டுவேர் கடைகளிலும் பச்சை வலைச் சுருள்கள் வாசலுக்கு வந்துவிடும். எது வாங்கலாம் என்று கேட்டால், "வெயில் கொளுத்துது, எழுபத்தஞ்சு எடுத்துக்கோங்க, நல்லா திக்கா இருக்கும்" என்பார்கள். காய்கறித் தொட்டி வைத்திருப்பவர் அதைக் கேட்டு வாங்கினால், வைகாசியில் இலையைத்தான் பறிக்க வேண்டியிருக்கும்.

வலையின் மேல் எழுதியிருக்கும் எண், அது தடுக்கும் ஒளியின் சதவீதம். 75 என்றால் கீழே வருவது கால் பங்கு. ஆர்க்கிட், ஆந்தூரியம், பெரணி, வெற்றிலைக்கு அது சரி. தக்காளியை அதன் கீழ் வைத்தால் கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, தண்டு மெலிந்து, கொடி மாதிரி சாயும். தக்காளி, மிளகாய், குடைமிளகாய், கீரை, கொத்தமல்லி, நாற்றுத்தட்டு எல்லாவற்றுக்கும் 50 போதும். ஓசூர், கோவை மாதிரி கொஞ்சம் மிதமான ஊர்களில் 35 கூடப் போதும். வேலூர், திருச்சி, மதுரை மாடிகளுக்கு 50. வெண்டைக்கும் கொத்தவரைக்கும் வலையே வேண்டாம். அவை வெயிலில்தான் காய்க்கும்.

வலை காற்றின் சூட்டைப் பெரிதாகக் குறைக்காது, இதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது. அது காப்பாற்றுவது இலையையும் குரோ பேக்கையும்தான். இலை கருகாது, பைக்குள் இருக்கும் வேர் வேகாது. ஆனால் பகலில் 35 டிகிரிக்கு மேல் ஏறி, இரவிலும் சூடு இறங்காமல் இருந்தால் தக்காளியின் மகரந்தம் கெட்டுப் பூ உதிரத்தான் செய்யும். "வலை போட்டும் பூ கொட்டுதே" என்ற புலம்பலுக்குக் காரணம் வலை அல்ல.

அடுத்தது நூல். பட்டையான நாடா போன்ற இழையில் பின்னியது ஒரு வகை, மீன் தூண்டில் நரம்பு மாதிரி உருண்டை இழையில் பின்னியது இன்னொரு வகை. கடையில் முதலாவதை டேப் என்பார்கள், இரண்டாவதை மோனோ என்பார்கள். டேப் விலை குறைவு, ஆனால் காற்றைப் பிடித்து உப்பும், சீக்கிரம் கிழியும். மோனோவில் காற்று ஓடும், உழைப்பும் அதிகம். காசு இருந்தால் மோனோ. இல்லையென்றால் டேப் வாங்கலாம், அதில் புற ஊதாக் கதிரைத் தாங்கும் மருந்து சேர்த்திருக்க வேண்டும். சேர்க்காத வலை ஒன்றிரண்டு கோடையிலேயே கையில் பிடித்தால் பொடியாக உதிரும்.

ஏமாற்று எடையில் நடக்கும். சுருள் 3 மீட்டர் அகலம், 50 மீட்டர் நீளம் என்றால் 150 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 100 கிராம் என்று சொல்லி விற்றால் சுருள் 15 கிலோ இருக்க வேண்டும். தராசில் வைத்துப் பார்த்துவிடுங்கள். வெட்டி வாங்குபவர்கள் வீட்டில் ஒரு சதுர மீட்டரை நிறுத்துப் பார்க்கலாம். நிழல் சதவீதத்தைச் சோதிக்க, போனில் ஒளி அளக்கும் செயலி போதும். நடுப்பகல் வெட்டவெளியில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ் காட்டும், 50 வலைக்குக் கீழ் அதில் பாதி வர வேண்டும். சில போன்களில் எண் உச்சத்தில் நின்றுவிடும், அப்படியானால் மாலை 4 மணிக்கு அளந்து பாருங்கள். விகிதம்தான் முக்கியம்.

நிறத்தில் பச்சைதான் எங்கும் கிடைக்கிறது. செடிக்கு அதனால் தனி நன்மை எதுவும் இல்லை, கண்ணுக்கு இதம், அவ்வளவே. வெள்ளை கிடைத்தால் எடுக்கலாம், ஒளியைப் பரப்பிக் கொடுக்கும்.

கட்டுவதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். தளத்தில் டிரில் போடாதீர்கள், மழைக்காலத்தில் அந்த ஓட்டை வழியாக வீட்டுக்குள் ஒழுகும். 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்டில் ஒன்றேகால் அங்குல ஜி.ஐ. பைப்பை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) நட்டு கான்கிரீட் நிரப்பினால் ஒவ்வொன்றும் 45 கிலோ அளவில் நிற்கும். அது மட்டும் போதாது. பைப்புகளை மேலே ஒன்றோடொன்று இணைத்து, கைப்பிடிச் சுவரிலும் கிளாம்ப் போட வேண்டும். வலை ஒரு பாய்மரம் என்பதை மே மாதக் கோடைமழைக் காற்று ஒரே மாலையில் காட்டிவிடும். உயரம் 8 அடி வேண்டும், 6 அடிக்குக் கீழே போனால் சூடு உள்ளேயே தங்கும். மூன்றடிக்கு ஒரு கம்பி இழுத்து, அதன் மேல் வலையை விரியுங்கள். ஓரத்தை இரண்டு மடிப்பாக மடித்து ஒன்றரை அடிக்கு ஒரு கிளிப். ஒற்றை மடிப்பில் கட்டினால் கட்டிய இடத்திலிருந்தே கிழியத் தொடங்கும். கட்டுவதற்கான வெள்ளை நைலான் கேபிள் டை ஒரு கோடையில் மொறுமொறுவென்று உடைந்துவிடும், வெயில் தாங்கும் கறுப்பு டை வாங்குங்கள். ஒரு பக்கத்தை மட்டும் சணல் கயிற்றால் கட்டுவது நல்ல உத்தி. பெருங்காற்று வந்தால் அந்தக் கயிறு அறுந்து வலை பறக்கும், பைப் தப்பிக்கும்.

மேற்குப் பக்கம் மூன்று நான்கடி வலையைத் தொங்கவிடுங்கள், 2 மணி முதல் 5 மணி வரை அடிக்கும் சாய்வு வெயில்தான் தொட்டியைச் சுடுவது. கிழக்கைத் திறந்தே விடுங்கள், காலை வெயில் செடிக்கு வேண்டும்.

வலை போட்ட பிறகும் பழைய கணக்கில் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். பூச்சிக்கு இந்த வலை எந்தத் தடையும் இல்லை. மாவுப்பூச்சியும் செஞ்சிலந்தியும் வழக்கம்போல வரும், இலையின் அடிப்பக்கத்தை வாரம் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

ஆனி பாதியில் வலையைக் கழற்றிவிடுங்கள். ஆடிப்பட்டத்து விதைக்கு முழு வெயில் வேண்டும், ஆடிக்காற்றிலிருந்து வலையும் பிழைக்கும். தூசியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, காயவைத்து, சுருட்டி, எலி வராத இடத்தில் வையுங்கள். நல்ல மோனோ வலை இப்படிப் பார்த்துக்கொண்டால் மூன்று கோடைக்குக் குறையாமல் வரும்.