அம்மாவின் கீமோ காய்ச்சலும் இரண்டு லேப்புகளும்

ரங்கூன் டவுன்டவுனில் ராத்திரியும் திறந்திருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போடவில்லை. கூடவே இன்னொரு லேப்பின் குறையையும் சொல்ல வேண்டியிருக்கிறது, யாருடைய பிழைப்பையும் கெடுக்க எனக்கு மனமில்லை. கீமோ எடுக்கிற ஆள் வீட்டில் இருந்தால் லேப்பில் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது பலருக்கும் தெரிவதில்லை. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

அம்மாவுக்கு 58 வயது. இடது மார்பில் கட்டி, ஆபரேஷன் முடிந்து 21 நாளுக்கு ஒரு தடவை 'சிவப்பு மருந்து' என்கிற கீமோ ஏறுகிறது. வீடு அனவ்ரட்டா சாலையை ஒட்டிய தெருவில், காளியம்மன் கோயில் மணி கேட்கிற தூரத்தில், ஐந்தாம் மாடி. லிஃப்ட் கிடையாது. நான் மசாலாக் கடை ஒன்றில் கணக்கெழுதுகிறேன்.

முதல் கீமோ முடிந்து ஒன்பதாம் நாள் சாயங்காலம் அம்மாவுக்கு உடம்பு சுட்டது. நாங்கள் செய்த முதல் தப்பு, பாராசிட்டமால் கொடுத்தது. சூடு இறங்கியது, நாங்களும் நிம்மதியானோம். ஒன்பது மணிக்கு மறுபடி ஏறியதும் இரண்டாம் தப்பு செய்தோம்: ஆஸ்பத்திரிக்குப் போகாமல், வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கிற ஒரு லேப்பைக் கூப்பிட்டோம். வந்த பையன் எந்தப் பக்கம் ஆபரேஷன் என்று கேட்கவில்லை. இடது கையில் பட்டையைக் கட்டப் போனவனை நான்தான் தடுத்தேன். ஊதா மூடி டியூபில் ரத்தம் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் அப்படியே பையில் போட்டுக்கொண்டு போனான். அந்த டியூபில் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து பூசியிருக்கும், எட்டுப் பத்து தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால்தான் அது கலக்கும் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. மூன்று மணி நேரம் கழித்து வைபரில் செய்தி வந்தது: ரத்தம் உறைந்துவிட்டது, மறுபடி எடுக்க வேண்டும்.

மறுபடி எடுத்தார்கள். விடிகிற நேரத்தில் ரிப்போர்ட் வந்தது. கீழே தெருவில் நின்று பையன் மணியை ஆட்டினான். மாடியிலிருந்து தொங்கும் கயிற்றின் கிளிப்பில் அவன் மாட்டிய காகிதத்தை, மழையில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்ததை, நான் மேலே இழுத்தேன். மொத்த வெள்ளை அணு 1,400, குறைவு. அவ்வளவுதான். எந்த அணு எத்தனை சதவீதம் என்று பிரித்துக் காட்டவே இல்லை. ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தபோது அம்மாவுக்குப் பல் கிட்டிக்கும் அளவுக்கு நடுக்கம். அந்த இரவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

கேன்சர் டாக்டரம்மாவை நாங்கள் சயாமா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கோபப்படவில்லை, உட்காரவைத்துச் சொன்னார். கீமோ போட்ட ஆளுக்கு வாயில் வைத்துப் பார்த்த சூடு ஒரு தடவை 38.3, அதாவது 101 டிகிரி, வந்தாலும் சரி, 38 ஒரு மணி நேரம் நின்றாலும் சரி, ரிப்போர்ட்டுக்காக வீட்டில் காத்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் நரம்பில் ஏற ஆரம்பிக்க வேண்டும். கிருமியோடு சண்டைக்குப் போகிறவை நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள். புண்ணில் சீழ் கட்டுவதும் சளி பழுத்து வருவதும் பெரும்பாலும் அவற்றால்தான். அவையே இல்லாதபோது உள்ளே கிருமி பரவினாலும் சீழ் இருக்காது, சளி இருக்காது, காய்ச்சல் மட்டும்தான் வெளியே தெரியும். நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே போனால் ஆபத்து கூடும், 100-க்குக் கீழே இன்னும் மோசம். ஜெரால்ட் போடே என்ற டாக்டரும் அவருடன் வேலை செய்தவர்களும் ரத்தப் புற்றுநோயாளிகளிடம் இதை எண்ணிப் பார்த்து 1966-இலேயே எழுதிவிட்டார்களாம்.

இரண்டாம் கீமோவுக்கு அப்புறம் வெள்ளை அணுவை ஏற்றும் ஃபில்கிராஸ்டிம் ஊசி போட வேண்டும் என்றார். அந்த வாரம் மருந்துக் கடைகளில் அது கிடைக்கவில்லை. மச்சான் கடை கடையாக ஏறி இறங்கினார். பத்தாம் நாள் இரவு 9.40-க்கு 38.4. இந்தத் தடவை மாத்திரை கொடுக்கவில்லை. "இந்த மழையில எங்கடி இழுத்துக்கிட்டுப் போற, காலையில பாத்துக்கலாம்" என்றார் அம்மா. அண்ணன் முதுகில் தூக்கிக்கொண்டு ஐந்து மாடியும் இறங்கினான்.

நான் நட்சத்திரம் கொடுக்க வந்த லேப் அந்த ஆஸ்பத்திரிக்கு எதிர் வரிசையில் இருக்கிறது. கரண்ட் போனாலும் ஜெனரேட்டரில் மெஷின் ஓடுகிறது. ஆஸ்பத்திரியின் சொந்த லேப் ராத்திரியில் எல்லா டெஸ்ட்டும் செய்வதில்லை என்பதால் இங்கேதான் அனுப்புகிறார்கள். ரத்தம் எடுக்க வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். பட்டையை எடுக்கும் முன்னாலேயே "அம்மா, எந்தப் பக்கம் ஆபரேஷன்?" என்று பர்மியத்தில் கேட்டாள். கல்ச்சருக்கு, அதாவது ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு, வலது முழங்கை மடிப்பில் ஒரு ஜோடி பாட்டில், புறங்கையில் வேறு நரம்பில் இன்னொரு ஜோடி. மருந்து தடவி, அது தானாகக் காயும்வரை ஊதாமல் விசிறாமல் காத்திருந்தாள். தோலில் இருக்கிற கிருமி பாட்டிலுக்குள் போனால் நோய்க் கிருமி எது, தோல் கிருமி எது என்று பின்னால் குழப்பம் வரும் என்றாள். ஊதா டியூபை அவள் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்தியதை நான் எண்ணினேன். பத்து. அம்மா முகம் சுளித்தபோதெல்லாம் "யபாதே அம்மா, யபாதே" (பரவாயில்லை அம்மா) என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டுவதற்குள் நர்ஸ் ஆன்டிபயாட்டிக்கை ஏற்றிவிட்டார். கல்ச்சர் முதலில், மருந்து உடனே அடுத்து. இந்த வரிசை தப்பக் கூடாது.

நாற்பது நிமிஷத்தில் எண்கள் வைபரில் வந்தன. வெள்ளை அணு 1,100. நியூட்ரோஃபில் 28 சதவீதம், முற்றாத நியூட்ரோஃபிலான 'பேண்ட்' 2 சதவீதம். ரசீதின் பின்னால் நான் பெருக்கிப் பார்த்தேன்: 1,100-இல் 30 சதவீதம், 330. மொத்த எண்ணை மட்டும் பார்த்தால் "குறைவு" என்று மட்டும்தான் தெரியும். 330 என்ற எண்தான் நிலைமையைச் சொன்னது. டிஃபரென்ஷியல் (எந்த அணு எத்தனை சதவீதம் என்ற பிரிவு) இல்லாத சிபிசி, அதாவது ரத்த அணுக்களை எண்ணும் டெஸ்ட், கீமோ நோயாளிக்குப் பாதி ரிப்போர்ட் என்று நான் சொல்வது இதனால்தான். மழைக்காலம் என்பதால் டெங்கு டெஸ்ட்டும் செய்தார்கள், டெங்குவிலும் வெள்ளை அணுவும் பிளேட்லெட்டும் இறங்குமே. இல்லை என்று வந்தது.

கிருமித் தொற்று இருந்தால் ரத்தத்தில் ஏறுகிற இரண்டு எண்களையும் பார்த்தார்கள்: சிஆர்பி 46, புரோகால்சிடோனின் 0.2. இரண்டாவது எண்ணைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன், 0.5-க்குக் கீழே நல்லது என்று லேப் தாளிலேயே அச்சடித்திருந்தது. சயாமா தலையை ஆட்டினார். காய்ச்சல் வந்து ஒரு மணி நேரத்தில் எடுத்த ரத்தம் இது. புரோகால்சிடோனின் ஏறவே மூன்றிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும், சிஆர்பி அதைவிட மெதுவாக ஏறும், கட்டியினாலும் ஆபரேஷனாலும்கூட அது கூடி இருக்கலாம். முதல் எண் குறைவு என்பதற்காக ஆன்டிபயாட்டிக்கை நிறுத்த மாட்டேன், நாளைக்கும் மறுநாளும் எப்படிப் போகிறது என்றுதான் பார்ப்பேன் என்றார். மறுநாள் காலை சிஆர்பி 118, புரோகால்சிடோனின் 0.9. மூன்றாம் நாள் புரோகால்சிடோனின் 0.4-க்கு வந்தது. மருந்து வேலை செய்தால் அது ஒரு நாளில் ஏறக்குறைய பாதியாகும், சிஆர்பி இறங்க நேரம் எடுக்கும். அந்த 0.4-ஐப் பார்த்த பிறகுதான் நான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

இன்னொன்றும் அங்கே கற்றுக்கொண்டேன். வீட்டுக்கு அனுப்பி மாத்திரையோடு பார்க்கலாமா என்று முடிவு செய்ய 'மாஸ்க்' (MASCC) என்று ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது, 2000-ஆம் ஆண்டு வந்தது. மொத்தம் 26, 21-உம் அதற்கு மேலும் என்றால் ஆபத்து குறைவு. ரத்த அழுத்தம், உடம்பு எவ்வளவு தளர்ந்திருக்கிறது, நீர் வற்றியிருக்கிறதா, நுரையீரல் நோய் உண்டா, வயது 60-க்குக் கீழேயா என்று பார்க்கிறார்கள். ரத்தப் பரிசோதனை எண் ஒன்றுகூட அதில் இல்லை. அம்மாவுக்கு டிரிப் தேவைப்பட்டதால் நீர் வற்றியதற்கு 3 போய், தளர்ச்சிக்கு 2 போய், சரியாக 21. விளிம்பில் நிற்கிறார், சிஆர்பியும் ஏறுகிறது, வீடு ஐந்தாம் மாடி, ராத்திரியில் கரண்ட் இருக்காது. சயாமா அனுப்பவில்லை. நோயாளியின் முகமும் லேப் தாளும் இரண்டும் சேர்ந்துதான் முடிவைச் சொல்கின்றன. தாளை மட்டும் வைபரில் அனுப்பி "ஒன்றுமில்லைதானே?" என்று கேட்கிற சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டிலும் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

கல்ச்சரில் ஐந்து நாள் வரை ஒன்றும் வளரவில்லை. காசு வீண் என்று மாமா சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த மாதிரிக் காய்ச்சலில் பெரும்பாலானோருக்குக் கிருமி பிடிபடுவதே இல்லை, ஆனால் பிடிபட்டால் எந்த மருந்து கேட்கும் என்பதை அந்தப் பாட்டில்தான் சொல்லும். ஆறாம் நாள் நியூட்ரோஃபில் 1,200, அம்மா வீட்டுக்கு வந்தார்.

லேப்புக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். குறைத்த ஒன்றுக்குக் காரணம், கவுன்டரில் விற்கிற 'காய்ச்சல் பேக்கேஜ்'. அதில் டைஃபாய்டுக்கான விடால் டெஸ்ட், மலேரியா டெஸ்ட் எல்லாம் கட்டாயமாகச் சேர்ந்து வருகிறது, கல்ச்சர் இல்லை. கீமோ ஆளுக்கு அதை வாங்க வேண்டாம்: டிஃபரென்ஷியலோடு சிபிசி, கல்ச்சர் இரண்டு ஜோடி, சிஆர்பி, மற்றபடி டாக்டர் எழுதியது என்று தனித்தனியாகக் கேளுங்கள். புரோகால்சிடோனினுக்கு சிபிசியைப் போலப் பல மடங்கு விலை, டாக்டர் எழுதாமல் நீங்களாகச் செய்யாதீர்கள். ரிப்போர்ட்டில் நியூட்ரோஃபில் எண்ணை நேராகப் போடாமல் சதவீதம் மட்டும் போடுவதும் எனக்குக் குறையாகப் பட்டது. கணக்கெழுதுகிறவள் நான் பெருக்கிக்கொண்டேன், பதறி நிற்கிற வீட்டில் எல்லோராலும் முடியுமா? பொறுப்பாளரிடம் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார்.

மூன்றாம் கீமோவுக்கு ஃபில்கிராஸ்டிம் கிடைத்தது. கரண்ட் போகும் என்று ஐஸ் பெட்டியில் வைத்து, ஐஸ் நேராக மருந்தில் படாமல் துணி சுற்றிக் காப்பாற்றினோம். காய்ச்சல் இல்லை. பத்தாம் நாள் எண்ணிக்கைக்கு அதே பெண் ஐந்து மாடி ஏறி வந்து ரத்தம் எடுத்துப் போனாள். மத்தியானம் கீழே மணி ஆடியது. கிளிப்பில் பிளாஸ்டிக் உறைக்குள் ரிப்போர்ட், அச்சுக்குக் கீழே நீலப் பேனாவில் 'நியூட்ரோஃபில் 1,900' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தது. அம்மா அதை வாங்கி, கண்ணாடி போட்டு, இரண்டு தடவை படித்தார்.