நரசீபுரம் மலையடிவாரத்தில் தீ சென்சார்: ஒரு கோடை முழுக்கப் பார்த்தபிறகு

2023 ஏப்ரலில் ஆலாந்துறைப் பக்கம் நாதேகவுண்டன்புதூர் மலையில் தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்தது கோவைக்காரர்களுக்கு மறந்திருக்காது. சூலூர் விமானப்படைத் தளத்து ஹெலிகாப்டர் மலம்புழா அணையில் தண்ணீர் மொண்டு வந்து மேலே கொட்டியது. எங்கள் தோட்டம் நரசீபுரத்தை ஒட்டிய மலையடிவாரம். அந்த நாட்களில் ராத்திரி மாடியில் நின்றால் புகை வாசம் வரும், தூக்கம் வராது. பன்னிரண்டு வருஷமாக வளர்த்த தேக்கும் சந்தனமும் ஒரு மத்தியானத்தில் போய்விடும் என்பது அப்போதுதான் உறைத்தது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் மூன்று பேரும் நானும் சேர்ந்து, காட்டை ஒட்டின 22 ஏக்கருக்கு மரத்தில் மாட்டுகிற தீ சென்சார் 16 வாங்கினோம். கூடவே சிக்னல் வாங்குகிற கேட்வே ஒன்று. ஒரு கோடை முழுக்க ஓட்டிப் பார்த்தாயிற்று. வாங்கலாமா என்று பல பேர் போனில் கேட்கிறார்கள், அதனால் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

கருவி நல்ல கருவி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாட்டுகிற விதமும், மாட்டியபிறகு அந்த இடத்துக்குத் தக்கபடி சரிசெய்கிற வேலையும்தான் பாதி விலை பெறும். அதை யாரும் விலைப்பட்டியலில் போடுவதில்லை.

பார்க்க உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெட்டி, மேலே சின்ன சோலார் தகடு, அடியில் வலை அடைத்த காற்று ஓட்டை. இது தீயைப் பார்ப்பதில்லை, மோப்பம் பிடிக்கிறது. சருகு கொழுந்துவிடாமல் புகைந்துகொண்டிருக்கும்போதே கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் எல்லாம் வெளியே வரும். உள்ளே இருக்கிற மெட்டல் ஆக்சைடு தகடு சூடாகி நிற்கும், இந்த வாயுக்கள் பட்டால் அதன் மின்தடை இறங்கும். பாஷ் நிறுவனத்தின் பிஎம்இ688 என்கிற சில்லு இந்த வகைதான், வாயுவோடு வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றையும் சேர்த்து அளக்கும். தகவல் லோரா என்கிற, கொஞ்சம் மின்சாரத்திலேயே ரொம்ப தூரம் போகிற ரேடியோ அலையில் கேட்வேக்குப் போகிறது. நம் நாட்டில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் அதற்கு லைசென்ஸ் வேண்டாம். மரத்தில் இருக்கிற பெட்டிக்கு சிம்மும் வேண்டாம், டவரும் வேண்டாம். மலையடிவாரத்தில் இருக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, மாட்டின கதைக்கு வருகிறேன். ஜனவரியில் நிறுவனத்திலிருந்து இரண்டு பையன்கள் வந்தார்கள். நிறுவனத்தின் பேர் இங்கே வேண்டாம். காலை பத்து மணிக்கு ஆரம்பித்து நாலு மணிக்குள் பதினாறையும் மாட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். எல்லாமே கை எட்டுகிற உயரத்தில், வண்டி போகிற பாதையோரத்து மரங்களில். சந்தன மரம் ஒன்றில் ஆணியே அடித்திருந்தார்கள். அதைப் பார்த்தபோது வந்த கோபம் இன்னும் போகவில்லை, சந்தனம் வளர்க்கிறவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். மற்ற மரங்களுக்கு பிளாஸ்டிக் டேக். தேக்கு பருத்துக்கொண்டே போகிற மரம், டேக்கை இறுக்கிக் கட்டினால் இரண்டாவது வருஷம் பட்டைக்குள் பதிந்துவிடும். இப்போது எல்லாவற்றையும் அகலமான நாடாவுக்கு மாற்றி, இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டிருக்கிறோம். மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை தளர்த்திவிடுவோம்.

யானை இன்னொன்று. எங்கள் பக்கம் யானை வருகிற தடம் எல்லோருக்கும் தெரியும், பையன்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். தடத்தை ஒட்டி மாட்டின இரண்டு பெட்டிகளை முதல் வாரமே யானை பிடுங்கிப் போட்டுவிட்டது. பத்தடி உயரத்தில் மாட்டினாலும் துதிக்கைக்கு அது உயரமே இல்லை. பாறைச்சரிவில், யானை ஏறாத பக்கம் இருக்கிற மரமாகப் பார்த்து மாட்டுவதுதான் வழி. பலா மரத்தில் மாட்டவே மாட்டாதீர்கள்.

அப்புறம் பொய் அலாரம். முதல் பத்து நாளில் 23 தடவை போன் அடித்தது. காரணம் என்னவென்று பார்த்தால் மஞ்சள். ஜனவரி, பிப்ரவரியில்தான் இங்கே மஞ்சள் வெட்டி வேகவைப்பார்கள். பாய்லர் வண்டி வந்து நின்றால் விறகு, காய்ந்த மஞ்சள் தழை, தென்னை மட்டை, எது கிடைக்கிறதோ அதைப் போட்டு எரிப்பார்கள். கரும்பு வெட்டினவர்கள் சோகையை, அதாவது காய்ந்த கரும்புத் தோகையை, கொளுத்துவார்கள். காட்டுத் தீக் காலம் தொடங்குவதும் அதே பிப்ரவரி. வெளியூரில் எங்கேயோ பழக்கி அனுப்பின கருவிக்கு நம் ஊர் மஞ்சள் புகையும் தெரியாது, சோகைப் புகையும் தெரியாது. போன் பத்தாவது தடவை அடித்தபோது பக்கத்துத் தோட்டத்துக்காரர் செயலியையே அணைத்துவிட்டார். "ஏனுங்க, ராத்திரியெல்லாம் இது கத்தீட்டே இருந்தா மனுசன் எப்புடீங்க தூங்கறது" என்று அவர் கேட்டதில் தப்பே இல்லை. பொய் அலாரம் பழகிப்போனால் நிஜ அலாரத்துக்கும் யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

சண்டை போட்டபிறகு வேறொரு தம்பியை அனுப்பினார்கள். அவர் வந்ததும் எதையும் மாட்டவில்லை, ஒரு நாள் முழுக்க எங்களோடு நடந்தார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, புல் எங்கே காய்கிறது, உண்ணிச்செடிப் புதர் எங்கே அடர்த்தி, சாமி கும்பிட வருகிறவர்கள் எங்கே உட்கார்ந்து பீடி குடிக்கிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். "ரெண்டு வாரம் சும்மா மோந்து பார்க்க உட்டுருவோங்ணா, அப்பத்தான் இந்த எடத்தோட வாசம் அதுக்குப் பழகும்" என்றார். அந்த இரண்டு வாரமும் அலாரத்தை நிறுத்திவைத்து, மஞ்சள் வேகிற நேரத்தையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி அவருக்கு அனுப்பினோம். விடிகாலை ஈரத்தில் அளவு ஒரு மாதிரி இருக்கும், மத்தியான வெயிலில் வேறு மாதிரி இருக்கும். இரண்டையும் கருவி பார்த்திருந்தால்தான் எது வழக்கம், எது புதுசு என்று பிரிக்கும்.

அப்புறம் சோதனைத் தீ. இதை யாரும் விளையாட்டாகச் செய்யாதீர்கள். தமிழ்நாடு வனச் சட்டம் 1882-இன்படி காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம், காட்டு மரத்தில் வனத்துறையைக் கேட்காமல் எதையும் மாட்டவும் செய்யாதீர்கள். நாங்கள் ரேஞ்ச் ஆபீசில் முன்கூட்டியே சொல்லிவிட்டு, சொந்தத் தோட்டத்துக்கு நடுவில், சுற்றிலும் உழுது போட்ட இடத்தில், தண்ணீர் டிரம்மும் நனைத்த சாக்கும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்தோம். தார் டிரம்மைப் பாதியாக அறுத்து, அதில் அரை ஈரத் தேக்குச் சருகை அழுத்திப் போட்டுக் கங்கு வைத்தோம். கொழுந்துவிடவில்லை, வெள்ளையாகக் கனமான புகை மட்டும் தரையோடு தவழ்ந்தது. தம்பி லேப்டாப்பில் சென்சாரின் மின்தடை அளவைக் காட்டுகிற ஒரு கோட்டைக் காட்டினார். நேராகப் போய்க்கொண்டிருந்த கோடு, புகை மரத்தடிக்குப் போன கொஞ்ச நேரத்தில் சரிய ஆரம்பித்தது. அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது உண்மை. காற்று போகிற பக்கம் 25 மீட்டரில் இருந்த சென்சார் 9 நிமிஷத்தில் சொன்னது. 60 மீட்டரில் இருந்தது 35 நிமிஷம் எடுத்தது. காற்றுக்கு எதிர்ப்பக்கம் இருந்த சென்சாருக்குக் கடைசிவரை எதுவும் தெரியவில்லை. ஏக்கருக்கு ஒன்று போதும் என்று விற்கிறவர் சொன்னால், எந்தக் காற்றுக்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

மலையடிவாரத்தில் காற்றுக்கு ஒரு கணக்கு உண்டு. பகலில் வெயிலேற ஏற காற்று மலைமேல் ஏறும், ராத்திரி குளிர்ந்து கீழே இறங்கும். மேலே காட்டில் ராத்திரி பிடிக்கிற தீயின் புகை இறங்கி வந்து நம் சென்சாரில் படும், பகலில் பிடித்தால் புகை மேலேயே போய்விடும். ரோட்டோரம் பகலில் பிடிக்கிற தீயைப் பிடிக்க வேண்டுமானால் சென்சார் அதற்கு மேல்பக்கம் இருக்க வேண்டும். இதைப் பேசி முடித்து ஐந்து பெட்டிகளை இடம் மாற்றினோம். பாறை மறைத்ததால் இரண்டு பெட்டிகளின் சிக்னல் வரவில்லை, கேட்வேயை மோட்டார் ரூமிலிருந்து தண்ணீர்த் தொட்டியின் உச்சிக்கு ஏற்றினதும் வந்துவிட்டது.

மார்ச் கடைசியில் ஒரு ராத்திரி 1:40-க்கு 9-ஆம் நம்பர் அடித்தது. ரோட்டோரப் பெட்டி. நாலு பேர் டார்ச்சோடு ஓடினோம். நாங்கள் போகும்போதே புல் எரிந்துகொண்டிருந்தது, அரை ஏக்கர் போயிருந்தது. பச்சைத் தழை ஒடித்து அடித்து, நனைத்த சாக்குப் போட்டு அணைத்தோம், தேக்கு வரை வரவில்லை. கொழுந்துவிடும் முன்பே சொல்லிவிடும் என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். சருகுக்கு அது சரி, நாங்களே பார்த்தோம். காய்ந்த புல் புகைந்துகொண்டெல்லாம் இருக்காது, பற்றினால் ஓடும். புல் இருக்கிற இடத்தில் சென்சாரை நம்பித் தீத்தடுப்புக் கோடு வெட்டாமல் இருந்துவிடாதீர்கள். ஆனாலும் அந்தப் போன் வராமல் இருந்திருந்தால் விடிந்துதான் தெரிந்திருக்கும்.

சாட்டிலைட் எச்சரிக்கை இருக்கிறதே என்று கேட்கிறார்கள். சாட்டிலைட்டில் இருந்து தீயைப் பார்க்கிற விஐஐஆர்எஸ் கருவியின் படத்தில் ஒரு புள்ளி தரையில் 375 மீட்டர் அகலம், அது நம் தலைக்கு மேல் தினமும் சில தடவைதான் கடக்கும். மலை முழுக்கப் பார்க்க அது வேண்டும், வேலியோரம் கிளம்புகிற தீக்கு அது போதாது.

பெரிய குறை ஒன்று பாக்கி. அலாரக் கால் ஆங்கிலத்தில் பேசுகிறது. ராத்திரி தோட்டத்தில் இருப்பது காவலுக்கு இருக்கிற பெரியவர். ஆங்கிலத்தில் "நைன்" என்றால் அவர் என்ன செய்வார்? ஒன்பதாம் நம்பர், ரோட்டோரம் என்று தமிழில் சொன்னால் நாங்கள் எழுந்து செருப்புப் போடுவதற்குள் அவர் அங்கே இருப்பார். மூன்று தடவை எழுதிக் கேட்டுவிட்டேன். வருஷச் சந்தா கேட்கிறவர்கள் இதைச் செய்துதான் ஆக வேண்டும்.

வாங்குகிறவர்கள் டிசம்பர் கடைசியிலேயே மாட்டிவிடுங்கள், பழகுகிற இரண்டு வாரம் பிப்ரவரிக்கு முன்னால் முடிந்துவிடும். ஆள் இரண்டாவது தடவை வந்து சோதனைத் தீ வைத்துக் காட்டினபிறகுதான் மீதிப் பணம் என்று எழுதி வாங்குங்கள். தேக்கு இலை உதிர்க்கிற காலத்தில் சோலாருக்கு வெயில் தாராளம், மழைக்காலத்தில் இலை மூடிச் சில பெட்டிகள் தூங்கிவிடுகின்றன, அது பரவாயில்லை. மாசம் ஒரு தடவை ஏணி போட்டுக் காற்று ஓட்டையைப் பாருங்கள், போன வாரம் இரண்டில் கறையான் மண் அப்பியிருந்தது. உலர்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும், தண்ணீர் படக் கூடாது.