பழைய விண்டோஸ் 98 பெட்டிக்கு எந்த டிஸ்க்: ஐடிஇயா, எஸ்எஸ்டியா, சிஎஃப் கார்டா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கார்டு கட்சி. பெங்களூரு அல்சூரில் எங்கள் அச்சகத்தில் இருக்கும் பென்டியம் 3 பெட்டி இப்போது காம்பாக்ட் ஃபிளாஷ் (சிஎஃப்) என்ற கேமரா மெமரி கார்டிலிருந்துதான் விண்டோஸ் 98-ஐ ஏற்றுகிறது. அதிலிருந்த 4.3 ஜிபி ஹார்ட் டிஸ்க் டக் டக் என்று தட்ட ஆரம்பித்ததும், பதிலுக்கு என்ன போடலாம் என்று தேடி அலைந்து முடிவெடுத்தது இது. இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

"புதுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே எமுலேட்டரில் 98 ஓட்டலாமே மாமா" என்றான் அக்கா மகன். எமுலேட்டர் என்பது பழைய கம்ப்யூட்டர்போல நடிக்கும் மென்பொருள். பழைய கேம் ஆட மட்டும் என்றால் அது தாராளமாகப் போதும். எங்களிடம் இருப்பது கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று வருஷக்கணக்காகச் சேர்ந்த பேஜ்மேக்கர் 6.5 (பக்க வடிவமைப்பு மென்பொருள்) கோப்புகள். எல்லாமே யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை. அந்தத் தமிழ் மென்பொருள், பிரிண்டர் போர்ட்டில் லாக் (திருட்டு நகலைத் தடுக்கும் சின்னச் சாவி) சொருகியிருந்தால்தான் திறக்கும். லாக் தேடுவது மதர்போர்டில் 378 என்ற முகவரியில் உட்கார்ந்திருக்கும் நிஜமான பேரலல் போர்ட்டை (பிரிண்டர் போர்ட்டின் இன்னொரு பெயர்). கடையில் கிடைக்கும் யூஎஸ்பி-பேரலல் கேபிள் பிரிண்டருக்கு மட்டும் ஆனது, லாக்குக்கு அது உதவாது. ஆகவே பெட்டி உயிரோடு இருந்தே ஆக வேண்டும்.

விலையில் மலிவு பழைய ஐடிஇ ஹார்ட் டிஸ்க்தான் (ஐடிஇ என்பது அந்தக் காலத்து அகலக் கேபிள் இணைப்பு). எங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் டவுன் ஹால் பக்கமிருந்து நுழைந்து நான்கு கடை ஏறி இறங்கினால் யாராவது ஒருவர் அலமாரி அடியிலிருந்து எடுத்துத் தருவார். "இங்கயே போட்டுப் பாத்து எடுத்துக்குங்க சார், இதுக்கெல்லாம் வாரண்டி கிடையாது" என்று ஒரு கடைக்காரர் நேர்மையாகச் சொன்னார். கைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் 40 ஜிபி, 80 ஜிபி. அந்தக் காலத்து அவார்ட் பயாஸ் (போர்டிலேயே இருந்து பெட்டியை எழுப்பும் நிரல்) பலவற்றுக்கு 33.8 ஜிபிக்கு மேல் கணக்கு தெரியாது. டிஸ்க்கைக் கண்டுபிடிக்கும் கட்டத்திலேயே திரை உறைந்து நிற்கும். சில டிஸ்க்குகளில் கொள்ளளவை 32 ஜிபியாகக் குறைத்துக் காட்ட ஒரு ஜம்பர் (பின்களை இணைக்கும் குட்டித் தொப்பி) உண்டு. அதைப் போட்டால் பெட்டி நகரும். ஆனாலும் சுழலும் டிஸ்க், அதுவும் யாரோ ஓட்டித் தேய்த்தது. இன்று தட்டாதது நாளை தட்டும்.

சாட்டா எஸ்எஸ்டியை (சுழலும் பாகம் இல்லாத, புதுவகை இணைப்புள்ள டிஸ்க்) ஐடிஇ கன்வெர்ட்டர் வழியாகப் போடுவது இன்னொரு வழி. பென்டியம் 4 காலத்துப் போர்டு என்றால் நானே அதைத்தான் சொல்வேன். 98 காலத்துப் போர்டில் அதே 33.8 ஜிபி சுவர் குறுக்கே வரும். கடையில் புதிதாகக் கிடைக்கும் சின்ன எஸ்எஸ்டியே பெரும்பாலும் 120 ஜிபி, அதில் குறைத்துக் காட்டும் ஜம்பரும் இல்லை. எஸ்டி கார்டை ஐடிஇ ஆக்கும் அடாப்டரும் விற்கிறார்கள். எஸ்டி பேசும் மொழி வேறு என்பதால் நடுவில் மொழிபெயர்க்க ஒரு சிப் வேண்டும், சில பழைய போர்டுகளோடு அது ஒத்துப்போவதில்லை என்று கேள்வி. நண்பர் வீட்டில் ஓடுவதைப் பார்த்ததோடு சரி, நான் நாள்கணக்கில் ஓட்டியதில்லை. அதனால் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

காம்பாக்ட் ஃபிளாஷ் விஷயத்தில் அந்தச் சிப்பே தேவையில்லை. 1994-ல் சான்டிஸ்க் கொண்டுவந்த இந்தக் கார்டுக்கு ஐடிஇ மொழி பிறப்பிலேயே தெரியும். அடாப்டர் என்பது வெறும் கம்பி இணைப்பு. பயாஸில் ஆட்டோ என்று வைத்தால் கார்டின் பெயரே ஹார்ட் டிஸ்க் இடத்தில் வந்து நிற்கும்.

பூட் ஆக வைப்பதில் மட்டும் கவனம் வேண்டும். கேமராவுக்கு என்று வரும் கார்டின் முதல் செக்டரில் பூட் நிரல் இருக்காது. ஃபார்மட் செய்து, ஆக்டிவ் பார்டிஷன் (பூட் ஆக வேண்டிய பகுதி) வைத்து, எல்லாம் சரியாகச் செய்தாலும் மேல் மூலையில் கர்சர் மட்டும் துடித்துக்கொண்டிருக்கும். 98 பூட் ஃபிளாப்பியில் ஏற்றி 'எஃப்டிஸ்க் /எம்பிஆர்' என்று ஒரு தடவை அடித்தால் தீர்ந்தது. பிறகு 'ஃபார்மட் சி: /எஸ்'. பார்டிஷன் போடுவதை அந்தப் பழைய பெட்டியிலேயே செய்யுங்கள். புது லேப்டாப்பில் கார்டு ரீடரில் போட்டுப் பிரித்தால் ஹெட், செக்டர் கணக்கு பயாஸ் நினைப்பதோடு ஒத்துவராமல் 'மிஸ்ஸிங் ஆபரேட்டிங் சிஸ்டம்' என்று நிற்க வாய்ப்பு அதிகம். சிடியில் உள்ள 'வின்98' ஃபோல்டரைக் கார்டுக்கே நகல் எடுத்து, செட்டப்பை அங்கிருந்து ஓட்டுங்கள். பின்னால் எந்த டிரைவர் போட்டாலும் சிடியைக் கேட்டு நச்சரிக்காது.

இதற்கெல்லாம் மேலாக நான் பார்த்தது ஒன்றைத்தான்: நாளைக்குக் கெட்டுப்போனால் திரும்ப எழுப்ப எவ்வளவு பாடு? ஹார்ட் டிஸ்க் என்றால் பெட்டியைத் திறக்க வேண்டும், கேபிளைக் கழற்ற வேண்டும், இன்னொரு ஐடிஇ வசதியுள்ள கம்ப்யூட்டரைத் தேட வேண்டும். அப்படி யாரும் மாதாமாதம் செய்வதில்லை, அதனால்தான் டிஸ்க் போகும்போது கோப்புகளும் சேர்ந்தே போகின்றன. நான் வாங்கியது பெட்டியின் பின்பக்க ஸ்லாட்டில் திருகி வைக்கும் அடாப்டர். கார்டின் விளிம்பு வெளியே தெரியும். பவரை அணைத்துவிட்டுக் கார்டை உருவி (ஓடும்போது உருவவே கூடாது), லேப்டாப்பில் யூஎஸ்பி ரீடரில் செருகி, லினக்ஸில் 'டிடி' கட்டளையால் முழுக் கார்டையும் ஒரே கோப்பாக எடுத்துவிடுகிறேன். விண்டோஸ், பேஜ்மேக்கர், எழுத்துரு, பத்திரிகைகள் எல்லாம் அந்த ஒரு 4 ஜிபி கோப்புக்குள். ஒரு டீ குடித்து வருவதற்குள் முடிகிறது. 98 என்றைக்காவது ரிஜிஸ்ட்ரியை (விண்டோஸின் அமைப்புப் பதிவேடு) கெடுத்துக்கொண்டால் அந்தக் கோப்பைத் திரும்பக் கார்டில் எழுதினால் போதும், முந்தைய நகல் எடுத்த நாள் அப்படியே திரும்பி வரும். விழாச் சீசனில் மறுநாள் காலை பத்திரிகை கேட்டு ஆள் வந்து நிற்கும் தொழிலில் இதற்கு ஈடு எதுவும் இல்லை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 4 ஜிபி என்று அச்சடித்த இரண்டு கார்டுகள் ஒரே அளவாக இருப்பதில்லை, கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் கூடும் குறையும். ஆகவே ஒரே கம்பெனி, ஒரே மாடலில் இரண்டாக வாங்குங்கள். கிடைக்காவிட்டால், பார்டிஷன் போடும்போதே கடைசியில் கொஞ்சம் இடத்தைச் சும்மா விட்டுவையுங்கள்.

குறையும் சொல்ல வேண்டும். ஃபிளாஷ் கார்டில் எழுதி எழுதி அழித்தால் தேயும். 98 ஓயாமல் ஸ்வாப் கோப்பில் (ராமுக்குத் துணையாக டிஸ்க்கில் வைக்கும் இடம்) எழுதும் பழக்கம் உள்ளது. ராமை 256 எம்பி ஆக்கி, ராம் தீர்ந்த பிறகே ஸ்வாப்பைத் தொடும்படி 'சிஸ்டம்.ஐஎன்ஐ'யில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். என் கார்டு நன்றாகவே ஓடுகிறது. பத்து வருஷம் தாங்கும் என்று வாக்குக் கொடுக்கும் அளவுக்கு எனக்கு அனுபவம் போதாது, நகல் இருப்பதால் பயமும் இல்லை. மலிவான அடாப்டர்களில் டிஎம்ஏ-வுக்கான (பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் வேகமாகத் தரவு நகர்த்தும் முறை) கம்பிகளை இணைக்காமலே விட்டிருப்பார்கள். டிவைஸ் மேனேஜரில் டிஎம்ஏ கட்டத்தை டிக் செய்ததும் பெட்டி தொங்கினால் காரணம் அதுதான். டிக்கை எடுத்துவிட்டால் ஓடும், வேகம் கொஞ்சம் குறையும்.

ஃபிளாப்பி பக்கம் சுருக்கமாக. பூட் செய்ய கோடெக் என்ற யூஎஸ்பி ஃபிளாப்பி எமுலேட்டர் போதும், 1.44 எம்பி இமேஜ்களைப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளலாம். பழைய ஃபிளாப்பிகளில் கோப்பு வைத்திருப்பவர்கள் நிஜ டிரைவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அவற்றைப் படிக்க அது ஒன்றுதான் வழி.

எதை வாங்கினாலும் முதலில் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 செல்லை மாற்றிவிடுங்கள். அது செத்திருந்தால் பவர் போய் வரும்போதெல்லாம் பயாஸ் டிஸ்க் செட்டிங்கை மறந்துவிடும், நீங்கள் குற்றமே இல்லாத கார்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பீர்கள். உங்களுடையது 486 காலத்துப் போர்டு என்றால் வட்டச் செல்லுக்குப் பதில் பீப்பாய் வடிவ நிக்கல்-காட்மியம் பேட்டரி இருக்கலாம். அது கசிந்து பக்கத்துத் தடங்களைப் பச்சையாக அரித்துவிடும். டிஸ்க்கைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் அதை வெட்டி எடுத்துவிடுங்கள்.