வெந்நீர் வரும் வரை: ஆர்.வி.யை விட்டு வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம்

போன வாரம் ஒரு சிநேகிதி கூப்பிட்டாள். அவளும் அவள் கணவரும் இன்னும் ஆர்.வி.யில்தான், அதாவது சக்கரம் வைத்த வீட்டு வண்டியில்தான், இருக்கிறார்கள். அரிசோனாவில் குவார்ட்ஸைட் பாலைவனத்தில் மூன்று குளிர்காலம் பக்கத்துப் பக்கத்தில் வண்டி நிறுத்தியிருந்தோம். "அக்கா, நாங்களும் போதும்னு நினைக்கிறோம். வீடு எப்படி இருக்கு? உண்மையைச் சொல்லுங்க" என்றாள். ஒரு மணி நேரம் பேசினேன், அதில் முக்கால் மணி நேரம் வெந்நீரைப் பற்றியே பேசியிருக்கிறேன். அவளைப் போல யோசிப்பவர்கள் இன்னும் இருப்பார்கள் என்பதால் இங்கே எழுதிவிடுகிறேன்.

வண்டி, வீடு விவரங்கள் சுருக்கமாக. 34 அடி ஃபிஃப்த் வீல், அதாவது பிக்கப் டிரக்கில் மாட்டி இழுக்கிற வீட்டு வண்டி. 2016 முதல் ஏழு வருஷம் வேறு வீடு வாசல் இல்லாமல் அதில்தான் இருந்தோம். இவருடைய முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு படி ஏறி இறங்குவதும், குனிந்து வண்டியை டிரக்கோடு இணைக்கும் ஹிட்ச் மாட்டுவதும் முடியாமல் போனது. 2023 அக்டோபரில் டூசானில் புதிதாகக் கட்டிய வீட்டுக்கு வந்தோம். ஒரே தளம், மூன்று பெட்ரூம், கராஜ். வண்டியை விற்றுவிட்டோம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது நிறைய இருக்கிறது. கட்டிலைச் சுற்றி நடந்து விரிப்பு மாற்றலாம். ஆர்.வி.யில் மெத்தை மேல் மண்டிபோட்டுத்தான் மூலையைச் செருக வேண்டும். காற்று அடித்தால் வீடு ஆடுவதில்லை. குவார்ட்ஸைட்டில் ஒரு பிப்ரவரி ராத்திரி, அறையை அகலமாக்க வெளியே நீட்டி வைக்கிற ஸ்லைடை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். துணி துவைக்கக் காசு சில்லறை சேர்க்க வேண்டாம். இவர் கையுறை போட்டுக்கொண்டு பிளாக் டேங்க் என்கிற கக்கூஸ் கழிவுத் தொட்டியின் குழாயோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து நிற்க வேண்டாம். சொந்த முகவரியைக் காட்டி நூலக அட்டை வாங்கிய அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழு வருஷமாக எங்கள் முகவரி சவுத் டகோட்டாவில் ஒரு தபால் சேவையின் பெட்டி எண். முழுநேரம் சுற்றுகிற பலரும் அப்படித்தான் வைத்துக்கொள்கிறார்கள், ஆனால் அந்த எண்ணுக்குக் கதவு கிடையாது, வாசல் கிடையாது.

சரி, இப்போது வெந்நீருக்கு வருகிறேன்.

குடிவந்த மறுநாள் காலை பாத்ரூமில் முகம் கழுவ வெந்நீர்க் குழாயைத் திறந்தேன். பச்சைத் தண்ணீர் வந்தது. கையை நீட்டிக்கொண்டு நின்றேன். வந்துகொண்டே இருந்தது. ஏதோ கோளாறு என்று நினைத்து மூடிவிட்டு இவரைக் கூப்பிட்டேன். இவர் திறந்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றே முக்கால் நிமிடம் கழித்துத்தான் சூடு தட்டியது. அதுவரை வந்த தண்ணீர் முழுதும் வடிகாலில் போய்விட்டது.

மற்றவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. நாங்கள் எங்கிருந்து வந்தோம் என்று சொன்னால் புரியும். குவார்ட்ஸைட்டில் லா போசா என்ற அரசு நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்க ஒரு பெர்மிட் கொடுப்பார்கள். நாங்கள் வாங்கியபோது 180 டாலர். தண்ணீர் பிடிக்கவும் கழிவு கொட்டவும் பொதுவான இடம் உண்டு, ஆனால் நம் வண்டி நிற்கும் இடத்துக்குக் குழாய் வராது. எங்கள் நல்ல தண்ணீர்த் தொட்டி 54 கேலன். இரண்டு பேரும் அதை ஒன்பது நாள் ஓட்டுவோம், அதாவது சமையல், குளியல், பாத்திரம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 6 கேலன். தீர்ந்துவிட்டால் இவர் 7 கேலன் நீலக் கேனில் பிடித்து வந்து ஊற்றுவார். நிரம்பிய கேன் ஒன்று 58 பவுண்டு. அந்த முழங்காலோடுதான் தூக்கினார்.

அந்த வண்டியில் வாட்டர் ஹீட்டர் வெறும் 6 கேலன். ஆனால் சமையல் சிங்க்குக்கும் அதற்கும் நடுவே ஆறடிக் குழாய்தான். திறந்ததும் ஒரு சொம்பு அளவு பச்சைத் தண்ணீர் வரும், அடுத்து வெந்நீர். அந்தச் சொம்பையும் விட மாட்டேன். கீழே பிடித்து வைத்து, எச்சில் தட்டை முதலில் அலச வைத்துக்கொள்வேன். குழாயைத் திறந்தால் தரைக்கு அடியில் பம்ப் உர்ரென்று ஓடும். தண்ணீர் செலவாவது காதில் விழும். பக்கத்து அறையில் இருந்தபடியே "போதும், மூடு" என்று சொல்லலாம். இந்த வீட்டில் தண்ணீர் சத்தமே இல்லாமல் போகிறது.

மூன்றாம் நாள் ஒரு கேலன் பால் கேனை வைத்து அளந்தேன். முதல் கேன் நிரம்பியது, இரண்டாவதும் நிரம்பியது, அப்புறம்தான் சூடு. ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது இப்படி ஆறிப்போன குழாயைத் திறக்கிறோம். ஆக, காத்திருப்பதற்கு மட்டும் 12 கேலன், பாலைவனத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு நாள் முழுக்க வாழ்ந்த தண்ணீரைப் போல இரண்டு மடங்கு. வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் 4,380 கேலன். எங்கள் பழைய தொட்டியை 81 தடவை நிரப்பிக் கொட்டிய மாதிரி. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று கேட்டு வளர்ந்தவள் நான்; அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

காரணம் என்னவென்று கேட்டால், மிகச் சாதாரணமானது. ஹீட்டர் கராஜில் இருக்கிறது. எங்கள் பாத்ரூம் வீட்டின் எதிர் மூலையில். நடுவே ஆட்டிக் (கூரைக்கு அடியில் இருக்கும் பரண்) வழியாக எழுபது அடிக்கு மேல் முக்கால் அங்குலப் பிளாஸ்டிக் குழாய். அதற்குள்ளேயே ஒன்றேகால் கேலன் தண்ணீர் ஆறிக் கிடக்கும். அதைத் தள்ளிவிட்டு வருகிற வெந்நீரும் குழாயைச் சூடாக்கத் தன் சூட்டைக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறது, அதனால்தான் இரண்டு கேலன். இதில் என்னைக் கோபப்படுத்துவது, பேசினில் தண்ணீர் மிச்சம் பிடிக்கவென்று நிமிடத்துக்கு 1.2 கேலன் மட்டும் விடுகிற குழாயைப் போட்டிருக்கிறார்கள். அது நல்ல குழாய்தான். ஆனால் குழாய் எவ்வளவு மெதுவாக விட்டாலும் வழியில் தேங்கி நிற்பது முழுதும் வெளியே வந்தாக வேண்டுமே! மிச்சம் ஒரு சொட்டும் இல்லை, காத்திருக்கும் நேரம்தான் கூடுகிறது. தண்ணீர் மிச்சம் பிடிக்கும் வீடுகளுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை கொடுக்கிற வாட்டர்சென்ஸ் முத்திரைக்கு, ஹீட்டருக்கும் குழாய்க்கும் நடுவே அரை கேலனுக்கு மேல் தேங்கக் கூடாது என்று முன்பே விதி வைத்திருந்தார்கள். வழி தெரியாமல் யாரும் இல்லை என்றுதானே அர்த்தம்.

டூசானில் குழாயில் வருவது பெரும்பாலும் கொலராடோ ஆற்றுத் தண்ணீர். லேக் ஹவாசுவில் எடுத்து, 336 மைல் கால்வாயில், வழியெல்லாம் மோட்டார் வைத்து 2,900 அடிக்கும் மேல் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். அந்த ஏரிக்கரையில் நாங்கள் வாரக்கணக்கில் தங்கியிருக்கிறோம். 2022 ஜூலையில் அதே ஆற்றில் மேலே இருக்கும் அணை ஏரியான லேக் மீட் வழியாகப் போனபோது பாறையில் பழைய நீர்மட்டம் வெள்ளைப் பட்டையாகத் தெரிந்தது. 1937இல் அந்த ஏரியை முதன்முதலாக நிரப்பிக்கொண்டிருந்த காலத்துக்குப் பிறகு தண்ணீர் அவ்வளவு கீழே போனதில்லை. இவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார், இரண்டு பேரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கே பார்த்ததை மனதில் வைத்துக்கொண்டு பேசினில் இரண்டு கேலனை விட முடியவில்லை.

கட்டியவர்களிடம் சொன்னேன். உத்தரவாதக் காலத்துக்குள் ஒருவரை அனுப்பினார்கள். மரியாதையான பையன். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, "ஹீட்டர் 120 டிகிரி ஃபாரன்ஹீட் சரியாகக் கொடுக்கிறது, எல்லாம் விதிப்படி இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். விதிப்படி இருக்கிறது என்பது உண்மைதான். அவன் மேல் எனக்கு வருத்தமில்லை. வீட்டுக்கு வரைபடம் போட்ட கை மேல்தான் வருத்தம்.

போன வருஷம் ஒரு பிளம்பரை வைத்து ஹீட்டர் மேல் சுழற்சிப் பம்ப்பும், பேசின் அடியில் வெந்நீர்க் குழாயையும் பச்சைத் தண்ணீர்க் குழாயையும் இணைக்கிற வால்வும் போட்டோம். ஆள் கூலியோடு 700 டாலருக்கு மேல். காலையில் திறந்ததும் வெந்நீர் வந்தது, சந்தோஷப்பட்டேன். அப்புறம் பல் தேய்க்கப் பச்சைத் தண்ணீரைத் திறந்தால் வெதுவெதுப்பு! ஆறின வெந்நீர் திரும்பிப் போவதற்குத் தனிக் குழாய் இல்லாததால் பச்சைத் தண்ணீர்க் குழாய் வழியாகப் போகிறது. ஏற்கெனவே ஜூன் மாதம் ஆட்டிக் 130 டிகிரிக்கு மேல் கொதிக்கும்போது பச்சைத் தண்ணீர்க் குழாயில் முதல் ஒரு நிமிடம் சுடுதண்ணீர்தான் வரும். இப்போது வருஷம் முழுக்க அப்படி ஆகிவிட்டது. நாலு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கழற்றச் சொன்னேன்.

இந்த ஆகஸ்டில்தான் பேசின் அடியில் பட்டன் வைத்த சின்னப் பம்ப்பாக மாற்றினோம். வேண்டும்போது மட்டும் அமுக்க வேண்டும். முக்கால் நிமிடம் ஓடும், சூடு வந்ததும் தானே நின்றுவிடும். ஒரு சொட்டு வடிகாலில் போகாது. பச்சைத் தண்ணீர் பக்கம் வெதுவெதுப்பு கொஞ்சம் வருகிறது, ஆனால் அமுக்கிய பிறகு சில நிமிடம் மட்டும். முதல் நாள் அதை அமுக்கிவிட்டுக் கதவோரம் நின்றேன். அதே உர்ர் சத்தம், வண்டியில் தரைக்கு அடியில் கேட்டது. இவர் ஹாலில் இருந்து "போதும், மூடு" என்றார். இரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் இது எங்கள் வீடு என்று தோன்றியது.

இவ்வளவு சொல்லிவிட்டு, இந்த வீட்டை மறுபடியும் வாங்குவாயா என்று கேட்டால், மாட்டேன். மற்ற எல்லாம் சுகம்தான், பிரச்சினை தீர்ந்தும் விட்டது, இருந்தும் மாட்டேன். வீடு பாதி கட்டியிருந்தபோது நாங்கள் உள்ளே போய்ப் பார்த்தோம். சுவர் மூடவில்லை. மேலே சிவப்புக் குழாய் வெந்நீருக்கு, நீலக் குழாய் பச்சைத் தண்ணீருக்கு என்று வரிசையாக ஓடியது, அழகாக இருக்கிறது என்று படம் எடுத்தேன். அந்தப் படம் இன்னும் ஃபோனில் இருக்கிறது. அன்று திரும்பி வருவதற்கு ஒரு குழாய் கூடுதலாக விட்டிருந்தால் சில மணி நேர வேலை. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனசு ஆறவில்லை.

சிநேகிதியிடம் சொன்னது இதுதான். வண்டியை உடனே விற்காதே. புது வீடு என்றால் சுவர் மூடுவதற்கு முன்னால் போ, ஹீட்டர் எங்கே வருகிறது என்று பார், தூரத்தில் இருந்தால் திரும்பு குழாய் கேள், முடியாது என்றால் அந்த வீட்டை விடு. கட்டி முடித்த வீடு என்றால், கடைசியாகக் குழாய் திறந்து பல மணி நேரம் ஆன வேளையாகப் பார்த்துப் போய் நீயே திறந்து அள.

நவம்பரில் இரண்டு பேரும் வருகிறார்கள். எங்கள் குடியிருப்புச் சங்கம் வாசலில் ஆர்.வி. நிறுத்த 48 மணி நேரம்தான் விடும், அது போதும். அதே பால் கேனை எடுத்து வைத்திருக்கிறேன். பட்டனை அமுக்காமல் ஒரு தடவை, அமுக்கி ஒரு தடவை, அவளையே திறந்து பார்க்கச் சொல்லப்போகிறேன்.