1,85,000 ரூபாய்க்கு உரிஞ்ச குரோம்: ரோட்டரி இன்ஜின் பாகம் ஆன்லைன்ல வாங்கப் போறவங்களுக்கு

பார்சல் காரைக்குடிக்கு வந்து 11 நாள் ஆச்சு. போனது 1,85,000 ரூபாய். பழைய ஜப்பான் கார்களுக்குப் பாகம் இறக்கித் தர்ற ஒரு ஆன்லைன் கடை. பேரு இங்க வேண்டாம்.

கேட்டது மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரோட 13பி ரோட்டரி இன்ஜினுக்கு (பிஸ்டனுக்குப் பதிலா முக்கோண ரோட்டர் சுத்துற இன்ஜின்): ரோட்டர் ஹவுசிங் (ரோட்டர் சுத்துற கூடு) 2, அபெக்ஸ் சீல் (ரோட்டர் முனைகள்ல நிக்கிற அடைப்புப் பட்டை) 6, சைடு சீல் (ரோட்டரோட பக்கவாட்டு அடைப்பு) 12, கார்னர் சீல் (மூலைகள்ல இருக்கிற அடைப்பு) 12, ஸ்பிரிங்குகள், தண்ணி கசியாம அடைக்கிற வாட்டர் சீல் ரப்பர் செட். எல்லாமே புதுசுன்னு வாக்கு.

ஏமாந்த இடம் எதுன்னா, வீடியோ கால். கடைக்காரர் மைக்ரோமீட்டரை எடுத்து அபெக்ஸ் சீலைக் கவ்வ வெச்சு கேமரா கிட்ட காட்டினாரு. 2.00 மில்லிமீட்டர். "அண்ணே, நானும் தேவகோட்டைப் பக்கம்தான், நம்மூர்க்காரவுகள ஏமாத்துவேனா?" அந்த நிமிஷமே முழுப் பணமும் போயிருச்சு.

அவர் காட்டினது சீலோட தடிமன். சீல் தேயுறது உயரத்துல! ஹவுசிங் சுவரை உரசிக்கிட்டு ஓடுற நுனிதான் கரையும். புதுசுன்னா உயரம் 8 மில்லி. வந்த ஆறும் 7.3-க்குக் கீழ, ஒண்ணு 6.9. தடிமனை மட்டும் காட்டினா எந்தக் கிழட்டு சீலும் குமரிதான்.

ஹவுசிங் கதை இன்னும் மோசம். அலுமினியத்துக்குள்ள இரும்புத் தகடு, அதுக்கு மேல குரோம், இதுதான் உள்சுவர். ஸ்பார்க் பிளக் ஓட்டைக்குப் பக்கத்து ஓரம் மட்டும் கொஞ்சம் கூடுதலாப் பளபளன்னு இருந்துச்சு. தின்னர் நனைச்ச துணியால துடைச்சதும் வெள்ளிப் பூச்சு கையோட வந்துருச்சு. அடியில நகம் மாட்டுற அளவுக்குக் குரோம் உரிஞ்ச பள்ளம். முலாம் பூசுறதை ஆராய்ச்சி பண்ற சிக்ரி இருக்கிற ஊருக்கே உரிஞ்ச முலாமை அனுப்பியிருக்கான்! அந்தப் பள்ளத்துல சீல் ஒவ்வொரு சுத்துக்கும் தட்டும், நுனி உடையும், உடைஞ்ச துண்டு எக்ஸாஸ்ட் வழியாப் போய் டர்போ இறக்கையையும் தின்னும். அகலத்தை அளந்தா 80 மில்லி வரணும், இடத்துக்கு இடம் 0.06-க்கு மேல மாறக் கூடாது. இதுல 0.11.

சைடு சீலும் பழசு. புதுசு கொஞ்சம் நீளமா வரும். கார்னர் சீலுக்கும் அதுக்கும் நடுவுல 0.05-லேர்ந்து 0.15 வரைக்கும் இடைவெளி வர்ற மாதிரி அரம் போட்டுத் தேய்ச்சுச் சேர்க்கணும். இங்க எடுத்த எடுப்புலயே இடைவெளி அளக்குற ஃபீலர் கேஜ்ல 0.45. குறைஞ்ச நீளத்தை எவன் கூட்டுறது?

போன் பண்ணினா முதல் நாள், "கொரியர்ல அடிபட்டிருக்கும்". கொரியர்ல அடிபட்டு சீல் உயரம் தேயுமாய்யா? ரெண்டாம் தடவை, "மாட்டி ஓட்டிப் பாருங்க சார், கம்ப்ரஷன் வரலைன்னா சொல்லுங்க". மாட்டினா திருப்ப முடியாதுங்கிறது பில்லுக்குப் பின்னாடி பொடி எழுத்துல இருக்கு. மூணாம் தடவை, "நீங்க மெக்கானிக்கா? வீட்ல பிரிக்கிறவங்களுக்கு வாரண்டி கிடையாது". அதோட நம்பர் பிளாக். ஊர்க்காரப் பாசமெல்லாம் 1,85,000 ரூபாய் அக்கவுண்ட்ல விழுற வரைக்கும்தான்.

எப்படிப் பார்த்து வாங்கணும்னு விளக்கமா எழுதத்தான் உக்காந்தேன், கை நடுங்குது. இதுகளையாவது செய்ங்க: சீல் உயரத்தைக் காட்டச் சொல்லுங்க. ஹவுசிங்கைத் தின்னர் போட்டுத் துடைச்சுக் காட்டச் சொல்லுங்க, வெட்டாத வீடியோவா. வாட்டர் சீல் ரப்பரை மட்டும் எவன்கிட்டயும் பழசு வாங்காதீங்க. பார்சல் பிரிக்கிறதைப் படம் எடுங்க. முழுப் பணம் முன்னாடி வேண்டவே வேண்டாம்.

1915-ங்கிற நுகர்வோர் உதவி எண்ல புகார் போட்டாச்சு. அதே ரெண்டு ஹவுசிங் படம், அதே மேசை விரிப்போட, நேத்து ராத்திரியும் விளம்பரத்துல ஓடுது.