தர்மபுரி நாலு ரோடு பக்கம் ஒரு மெடிக்கல்: வீட்டில் கொழுப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் இருந்தால் படியுங்கள்

கடைப் பெயரைப் போட வேண்டாம் என்று அங்கே மருந்து கொடுக்கும் அக்கா கேட்டுக்கொண்டதால் போடவில்லை. நாலு ரோடு பக்கம் இருக்கிற சின்ன மெடிக்கல்தான். அகலம் இரண்டு ஷட்டர்கூட இருக்காது, சாயங்காலம் போனால் ரோட்டில் நின்றுதான் வாங்க வேண்டும். ஆனால் எங்கள் அப்பா விஷயத்தில் அவர்கள் செய்ததைப் பார்த்தபிறகு, பாலக்கோட்டில் வீட்டுக்குப் பக்கத்திலேயே மெடிக்கல் இருந்தும் மாதாமாதம் பஸ் ஏறி இங்கேதான் வருகிறோம்.

அப்பாவுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்ததிலிருந்து அட்டோர்வாஸ்டாடின் 40 என்ற கொழுப்பு குறைக்கிற மாத்திரை ராத்திரி ஒன்று. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் இருமல் விடாமல் இருந்ததால் ஊரில் ஒரு கிளினிக்கில் காட்டினோம், அவர்கள் வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த மாத்திரை ஆரம்பித்த சில நாளில் அப்பாவுக்கு இரண்டு தொடையும் பிடித்துக்கொண்டது. தக்காளித் தோட்டத்தில் குத்தவைத்துக் களை எடுப்பவர், கையைத் தரையில் ஊன்றித்தான் எழுந்தார். தெருவில் ஆளாளுக்கு வைத்தியம். கொழுப்பு மாத்திரை சாப்பிட்டால் இப்படித்தான், அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பூண்டும் கொள்ளு ரசமும் சாப்பிடு என்றார்கள். அப்பாவும் நிறுத்துகிற முடிவுக்கு வந்துவிட்டார்.

மாத மாத்திரை வாங்கப் போன இடத்தில், வலிக்கு ஏதாவது மாத்திரை கொடும்மா என்று அப்பா கேட்டார். அந்த அக்கா உடனே எடுத்துக் கொடுக்கவில்லை. "வலி ஒரு காலிலா ரெண்டு காலிலுமா ஐயா? எப்ப ஆரம்பிச்சது? புதுசா ஏதாவது மாத்திரை எடுத்தீங்களா?" என்று கேட்டார். அப்பா சட்டைப்பையிலிருந்து அந்த ஆன்டிபயாடிக் அட்டையை எடுத்து நீட்டினார். கிளாரித்ரோமைசின். அதைத் திருப்பிப் பெயரைப் படித்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. அடுத்துக் கேட்டது, சிறுநீர் எந்த நிறத்தில் போகிறது, டீ டிகாஷன் மாதிரிக் கருத்துப் போகிறதா என்று. இல்லை என்றதும்தான் அவருக்கு மூச்சு வந்தது.

அப்புறம் அவர் விளக்கியது இது. அட்டோர்வாஸ்டாடினை உடம்பிலிருந்து கழிப்பது ஈரலில் இருக்கிற ஒரு நொதி. கிளாரித்ரோமைசின் அந்த நொதியை வேலை செய்ய விடாமல் தடுத்துவிடும். அப்போது தினமும் போடுகிற அதே 40 மில்லிகிராம் ரத்தத்தில் தேங்கிப் பல மடங்கு போட்ட மாதிரி ஆகி, தசையைப் பாதிக்கும். ரொம்ப முற்றினால் தசை சிதைந்து அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிடும், சிறுநீர் கருப்பது அதற்கு அடையாளம். இது அபூர்வம்தான், ஆனால் வந்தால் விளையாட்டில்லை. 2001ல் செரிவாஸ்டாடின் என்ற இதே வகை மாத்திரையை விற்பனையிலிருந்து எடுத்ததே இப்படித் தசை சிதைந்து ஆட்கள் இறந்ததால்தான்.

வலி மாத்திரை விற்றிருந்தால் அவர்களுக்கு வியாபாரம். அதைச் செய்யாமல், சீட்டில் இருந்த நம்பருக்கு அங்கேயே போன் போட்டு இதய டாக்டரிடம் பேசினார். டாக்டர் சொன்னபடி ஆன்டிபயாடிக்கை மாற்றி, கொழுப்பு மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்தி, தசை பாதிப்பைக் காட்டும் சி.பி.கே.யும் சிறுநீரகத்துக்கான கிரியேட்டினினும் ரத்த டெஸ்ட் எடுத்தோம். சி.பி.கே. ஏறியிருந்தது, சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. வலி போனதும் டாக்டர் ரோசுவாஸ்டாடின் 10 என்ற வேறு கொழுப்பு மாத்திரைக்கு மாற்றினார், அது கழிகிற வழி பெரும்பாலும் வேறு. அப்பா இப்போது பழையபடி களை எடுக்கிறார்.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஸ்டென்ட் வைத்தவர், ஒருமுறை மாரடைப்பு வந்தவர் தானாக நிறுத்தினால் மறுபடி அடைப்பு வரும் வாய்ப்பு கூடும், அந்த ஆபத்து கால்வலியைவிட ரொம்பப் பெரியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2022ல் ஒரு ஆய்வு வந்தது. இந்த வகைக் கொழுப்பு மாத்திரை சாப்பிட்டவர்கள் சொன்ன தசைவலியில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் அந்த மாத்திரையால் வந்ததில்லை, ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு வலியைச் சொன்னார்கள். தைராய்டு குறைவு, வைட்டமின் டி குறைவு, தோட்ட வேலை, வயசு, எத்தனையோ காரணம் இருக்கும். எதுவென்று பார்க்க டாக்டர் வேண்டும். இந்த மாத்திரையால் சுகர் கொஞ்சம் ஏறும் என்பது உண்மை, குறிப்பாக ஏற்கெனவே எல்லையில் இருப்பவர்களுக்கு. அதையும் இந்த அக்கா மறைக்காமல் சொல்லி, வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் சுகரையும் சேர்த்துப் பாருங்கள் என்றார். பூண்டு சாப்பிடுங்கள், கொள்ளு ரசமும் வையுங்கள், நல்ல சாப்பாடுதான், ஆனால் அது மாத்திரை செய்கிற வேலையைச் செய்யாது.

கடையைப் பற்றி மற்றது: டாக்டர் எழுதிய பிராண்டு இல்லையென்றால் கேட்காமல் வேறு கம்பெனி மாத்திரையைத் தள்ளிவிட மாட்டார்கள். விலை குறைந்த ஜெனரிக் இருந்தால் அவர்களே சொல்வார்கள். ராத்திரி மாத்திரை எது, காலை மாத்திரை எது என்று கவர் மேலே தமிழில் எழுதிக் கொடுப்பார்கள், எழுத்தும் பெரிதாக இருக்கும், அப்பா கண்ணாடி இல்லாமலே படித்துவிடுகிறார். பில் கேட்காமலே வரும்.

குறை என்றால், வண்டி நிறுத்த இடமே இல்லை. அந்த அக்கா இல்லாத நேரத்தில் இருக்கிற பையன் நல்ல பையன்தான், ஆனால் இவ்வளவு விவரம் கேட்கத் தெரியாது. அந்தப் பையனிடம் அவசரமில்லாத மாத மாத்திரை மட்டும் வாங்குங்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை இருக்காது. போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியையும் வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டையையும், நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும், ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், பதினொரு மணிக்கு மேல் போனால் கூட்டம் குறைவு, அந்த அக்கா நின்று பேசுவார்.